இரண்டாவது வாசல்

"அளந்தது போதும் சார்! நடைபாதையை வெட்டி வாசல் வெச்சா நாளைக்கு நடக்கறவன் எல்லாம் காலை உடைச்சுக்குவான். அனுமதி கொடுக்கக் கூடாதுன்னா கூடாது!"

எதிர்வீட்டுப் பெரியவர் போட்ட சத்தத்தில் நகராட்சி என்ஜினியரின் கையிலிருந்த டேப் நழுவிச் சுருண்டு ஓடியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தார்.

தெருமுனை வீடு அது. இருந்த ஒரே கேட் முன்தெருவில், பெரியவர் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. பக்கச் சாலையிலும் ஒரு கேட் வேண்டும், தன் வேன் அந்த வழியாகப் போய்வர வேண்டும் என்று வீட்டுக்காரி மனுப் போட்டிருந்தாள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன். ஓட்டுவதும் அவளேதான். பெரியவர் ஆட்சேபணைக்கு மேல் ஆட்சேபணையாகத் தட்டிவிட்டதில், என்ஜினியர் மறுபடியும் வெயிலில் வந்து காய்ந்துகொண்டிருந்தார்.

"பாத்தீங்களா சார், வாயை?" இடுப்பில் கை வைத்தபடி வந்தாள் வேன்காரி. "நான் காலையில வண்டி எடுக்கற நேரம் பாத்து, தன் காரை என் கேட்டுக்குக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்துவாரு. மத்த நேரமெல்லாம் அது ஒழுங்கா அவர் வீட்டுக்குள்ளதான் நிக்கும்! நான் ஹாரன் அடிச்சு, இறங்கிப் போய், தொண்டை கிழியக் கத்தினாத்தான் சாவியை ஆட்டிக்கிட்டு அசைஞ்சு அசைஞ்சு வருவாரு. அங்க பிள்ளைங்க ரோட்டுல நிக்குது. பெத்தவங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கறது நான்!"

"பொதுத் தெரு. எங்க வேணா நிறுத்துவேன்."

"உங்க வீட்டுல லாரியே நிறுத்தலாம். அவ்வளவு இடம் காலியா கிடக்குதே!"

"அது என் இஷ்டம்."

"அப்ப இது என் இஷ்டம். எங்கம்மா எனக்குன்னு கொடுத்துட்டுப் போன வீடு. நாலு பக்கமும் வாசல் வெப்பேன். கேக்க நீங்க யாரு?"

பெரியவரின் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது.

"சார், முனையில வாசல் வந்தா விபத்து நடக்கும். எழுதிக்குங்க" என்றார் என்ஜினியர் பக்கம் திரும்பி.

"முனையிலேருந்து வேண்டிய தூரம் இருக்கு. அளந்துட்டேன்."

"சாக்கடை அடைச்சுக்கும்!"

"சிமெண்ட் பலகை போட்டு மூடச் சொல்றோம். அடியில தண்ணி பாட்டுக்கு ஓடும்."

"விளக்குக் கம்பம்?"

"அது அந்தக் கோடியில நிக்குது பெரியவரே. கண்ணைத் திறந்து பாருங்க!"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். காலையிலிருந்து இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்றதில் என்ஜினியருக்குக் காது இரைந்தது. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. வாசல் வைக்கத் தடை எதுவும் இல்ல. நாளைக்கே அனுமதி கொடுக்கறேன். இனிமே ஆட்சேபணை, அது இதுன்னு யாரும் என் மேஜைக்கு வரக் கூடாது!"

வேன்காரி பெரியவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இனிமே உங்க காரை நீங்களே வெச்சு அழகு பாருங்க. எனக்குக் காலையில கத்தற வேலை மிச்சம்" என்றவள், பள்ளி விடும் நேரமாகிவிட்டதால் வேனில் ஏறி, புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

என்ஜினியர் பைக்கை உதைக்கப் போனார். பெரியவர் குறுக்கே வந்து ஹாண்டில்பாரைப் பிடித்தார்.

"கொடுக்காதீங்க சார். நான் மேலதிகாரிகிட்டப் போவேன். கோர்ட்டுக்குப் போவேன்."

அவ்வளவுதான். என்ஜினியர் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"கையை எடுய்யா! வயசுக்கு மரியாதை கொடுத்தா தலையில ஏறி உக்கார்றியே. ஒரு பொம்பளை தன் கையால உழைச்சுப் பிழைக்கறது உன் கண்ணை உறுத்துதா? அந்த வாசல் வந்தா உனக்கும் நிம்மதி, அந்தம்மாவுக்கும் நிம்மதி. அவங்க அந்தப் பக்கமா போயிட்டா உனக்கு என்னய்யா நஷ்டம்?"

பெரியவரின் பிடி தளர்ந்தது. வேன் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நேரம் தெருவையே கூட்டிய குரல், இப்போது பக்கத்தில் நின்றவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"காரைக் குறுக்க நிறுத்தினாத்தான் சார் இறங்கி வந்து ரெண்டு வார்த்தை திட்டறா. அவ கல்யாணத்தப்போ, இனி என் வீட்டு வாசப்படி ஏறாதேன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எம் பொண்ணு என்கூடப் பேசற பேச்சு அது ஒண்ணுதான்."