முப்பதைத் தாண்டாத கேரவன்

குடியிருப்போர் சங்கத்தையே கூட்டி, ரிப்பன் வெட்டி, "இது வண்டியல்ல, நகரும் மாளிகை" என்று விஸ்வேஸ்வரன் சொற்பொழிவாற்றித் தொடங்கிவைத்த கேரவன் அது. கட்டில், அடுப்பு, முன்னால் போகும் வண்டிக்கேற்பத் தானே வேகம் குறைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல், எல்லாம் உண்டு. மனைவி அனந்தலக்ஷ்மி மட்டும் அதில் ஏறவில்லை.

"ஊர் சுத்தப் போனாலும் அடுப்பு கூடவே வரணுமாக்கும்?" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரிலேயே சமயநல்லூர் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போய்வந்தாள். வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டமாட்டாள். போன ஆடியில், பள்ளிக்குத் திரும்பும் வளைவில் லாரி மோதி இறந்துபோனாள்.

இப்போது அந்தச் சாலையில் மட்டும், எதிரே காலியாகக் கிடந்தாலும், கேரவன் முப்பதுக்கு இறங்கிவிடுகிறது. அவனியாபுரத்து மெக்கானிக் கருப்பு சென்சாரைத் துடைத்தான், மாற்றினான், கடைசியில் தானே பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

"திரையில முன்னாடி வண்டி போகுதுன்னு காட்டுது சார். ஒண்ணையும் காணோமே. ஹாரன் அடிச்சுப் பாருங்க."

"வேண்டாம்ப்பா. மெதுவாவே போகட்டும்."

பள்ளிக்குத் திரும்பும் வளைவு வந்தது. திரையிலிருந்த வண்டி மறைந்தது. கேரவன் தானாக வேகமெடுத்தது. விஸ்வேஸ்வரன் பிரேக்கை அழுத்தி நடுச்சாலையில் நிறுத்தினார்.

"அதான் சரியாப்போச்சுல்ல சார்," என்றான் கருப்பு. "இனி எதுக்கு நிப்பாட்டுறீக?"