ஒன்பது நாற்பத்திரண்டு

சிரிக்காமல் வாசிக்க ஆஸ்பத்திரி வக்கீல் பாடுபட்டார்.

“‘நேத்து மச்சினன் வீட்டு விருந்து. ரெண்டு ஏப்பம் விட்டாள்னா எந்திச்சு வீட்டுக்குப் போயிருவா.’ நோயாளியின் கணவர் எங்க நர்ஸிடம் சொன்னது இது, மேடம்.”

நுகர்வோர் ஆணையத்தின் பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

நல்ல ஜோக்தான். சாட்சி சொல்ல நின்றிருந்த அந்தக் கணவருக்கே ஒரு கணம் அப்படித்தான் பட்டது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

இருபத்தெட்டு வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். படியில் தொங்குகிறவர்களைக்கூடத் திட்டியதில்லை. ‘உள்ள வாங்க மாப்ள, வெளிய நின்னாலும் அதே டிக்கெட்டுதான்’ என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் மனைவி வடிவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை.

பயம் வந்தால் ஜோக் அடிப்பது அவருக்கு ஒரு வியாதி. அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து இல்லை.

நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

அவர்கள் எழுதிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

பிறகு மூன்று தடவை எழுந்துபோய்ச் சொன்னார்.

தோள்பட்டை வரைக்கும் வலிக்கிறதாம். டாக்டர் ரவுண்ட்ஸில் இருக்கிறார்.

இடதுகை மரத்துப்போகிறதாம். உட்காருங்கள், கூப்பிடுவோம்.

மூன்றாவது தடவை கவுன்டரில் ஓங்கி அடித்தார். அப்போது கைவசம் ஜோக் எதுவும் இல்லை. செக்யூரிட்டிதான் வந்தார். டாக்டர் வரவில்லை.

அதெல்லாம் எந்தத் தாளிலும் இல்லை.

ஆஸ்பத்திரி சொல்வது இது. நோயாளி வந்தது பதினொன்றரைக்கு. இசிஜி எடுத்தது பதினொன்று ஐம்பதுக்கு. வரும்போதே கைமீறிப் போயிருந்தது. தாமதம் நடந்தது வீட்டில். ஏப்பம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தவர் கணவர்.

பன்னிரண்டே காலுக்கு வடிவு இறந்துபோனாள்.

ஒன்பதரைக்கெல்லாம் அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது அவருக்குத் தெரியும். நிரூபிக்க அவரிடம் இருந்தது வாய் மட்டும். கேமராவில் ஒரு மாதத்துக்கு மேல் படம் நிற்காதாம்.

அந்த வாயைப் பற்றித்தான் இப்போது பேச்சு.

“சொன்னீங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க” என்றார் ஆஸ்பத்திரி வக்கீல்.

அவருடைய வக்கீல் பிரிஸில்லா வராந்தாவிலேயே சொல்லியிருந்தாள். “அண்ணாச்சி, அந்த ஏப்பத்தக் கேட்டா ஞாபகமில்லன்னுருங்க. மறக்கது ஒண்ணும் குத்தமில்ல.”

இப்போது கண்ணாலும் அதையே சொன்னாள்.

“தாளக் கொஞ்சம் காட்டுங்க” என்றார் அவர்.

இரண்டு வருட வழக்கில் அந்தத் தாள் வெளியே வந்தது இன்றைக்குத்தான்.

நீல பால்பாயின்ட் பேனா. அவர் சொன்னது ஒரு சொல் விடாமல் இருந்தது. கெட்டிக்காரப் பெண்.

மேல் மூலையில், சின்னதாக, ஓர் எண். அதையும் அவளேதான் எழுதியிருந்தாள்.

காலை 9.42.

ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லோரும் ஏப்பத்தைப் படித்துச் சிரித்திருக்கிறார்கள். மூலைக்கு யாரும் போகவில்லை. அவர் கண் முதலில் போனதே அங்கேதான். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் முன்னால் தினமும் நின்ற மனுஷன். நான்கு நிமிடத் தாமதத்துக்கு மெமோ வாங்கியவர்.

கோபம் வந்தது. யார்மேல் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

சொல்லவில்லை என்றால் தாள் பொய். தாள் பொய் என்றால் மணியும் பொய்.

“சொன்னேன்” என்றார்.

பிரிஸில்லா கண்ணை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வக்கீல் திருப்தியாக உட்காரப் போனார்.

“உக்காராதீங்க சார். மணியோட சேத்து வாசிங்க. ஏப்பம்னு நான் சொன்னது ஒம்பது நாப்பத்திரெண்டுக்கு. எங்க வீட்டுல இல்ல, உங்க நர்ஸுகிட்ட. அவ நெஞ்சுல நீங்க வயர ஒட்டும்போது பதினொண்ணு அம்பது. நடுவுல ரெண்டு மணி எட்டு நிமிசம். நாலு நிமிசத்துக்கு எனக்கு மெமோ குடுத்தாங்க.”

பின்வரிசை சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வக்கீல் தாளுக்காகக் கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. நேரே போய் ஆணையத் தலைவரின் மேசையில் வைத்தார்.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி மூலையைப் பார்த்தார். பிறகு ஸ்டெனோவிடம் சொன்னார். சாட்சி ஒப்புக்கொள்கிறார். நேரம், காலை ஒன்பது நாற்பத்திரண்டு.

“வேற ஏதாவது சொல்லணுமா?”

இருந்தது. இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாதது.

“அதக் கேட்டு அவ சிரிச்சா, மேடம். நெஞ்சப் பிடிச்சுக்கிட்டே சிரிச்சா. அதையும் போட்டுக்கிடுங்க.”

ஆஸ்பத்திரி வக்கீல் எழுந்தார். “அதுக்கு ரெக்கார்டு எதுவும் இல்ல, மேடம்.”

அவர் அந்த வக்கீல் பக்கம் திரும்பினார்.

“எப்படி சார் இருக்கும்? அதுக்குப் பொறவுதான் உங்க ஆளுக பேனாவ மூடிட்டாங்களே.”

ஸ்டெனோ யாரையும் கேட்காமல் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.