இருபதும் பதினெட்டும்

தச்சுப் பட்டறை அலமாரியில் பச்சை நிறத்தில் ஒன்றும் சாம்பல் நிறத்தில் ஒன்றுமாக இரண்டு டிரில் பேட்டரிகள் இருந்தன. பச்சையின் மேல் இருபது வோல்ட் என்றும், சாம்பலின் மேல் பதினெட்டு வோல்ட் என்றும் எழுதியிருந்தது. பேச்சுத்துணைக்கு அங்கே வேறு யாரும் இல்லை.

"அண்ணே, இன்னிக்கு என்ன வேலை?" என்று சாம்பல் கேட்கும்.

"அதெல்லாம் இருபது வோல்ட்டுக்கான வேலை. உனக்குப் புரியாது," என்று சொல்லிவிட்டுப் பச்சை வாயை மூடிக்கொள்ளும்.

ஒருநாள் தச்சர் சூசை இரண்டையும் மீட்டர் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் சார்ஜரிலிருந்து இறங்கிய சாம்பல் இருபது காட்டியது. கதவுக்கு ஸ்க்ரூ முடுக்கிவிட்டு வந்த பச்சை பதினெட்டு காட்டியது.

"ரெண்டுக்குள்ளயும் அஞ்சு செல்தான். முழுசா ஏறினா இருபது, வேலையில இறங்கினா பதினெட்டு. ரெண்டும் ஒண்ணுதான்," என்று சொல்லிக்கொண்டே அவர் சாப்பிடப் போனார்.

"கேட்டீங்களா அண்ணே? நாம ஒண்ணுதானாம். இனிமேலாவது பேசலாமா?" என்றது சாம்பல்.

ஆமாம் என்று சொல்லத்தான் பச்சைக்கு ஆசை. ஆனால் நெற்றியில் இருபது என்று இருந்ததே.

"மீட்டர் கெட்டுப்போச்சு தம்பி," என்றது.

அதன் பிறகு சாம்பல் எதையும் கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்கும் என்று பச்சை காத்துக்கொண்டே இருந்தது.