உள்ளங்கையில் இரண்டு தட்டு

லேத் பட்டறை இரைச்சலில் அவருக்குக் காது பாதி போயிருந்தது. அதனால் புயலுக்கு ஜன்னல்களில் பலகை அடிக்கும்போது வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. அவர் வெளியே நின்று பலகையைக் கையால் அழுத்திப் பிடிப்பார். துளி வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை என்றால், மனைவி உள்ளிருந்து இரண்டு தட்டுத் தட்டுவாள். உள்ளங்கையில் அது அதிர்ந்ததும் ஆணி இறங்கும். "கத்திக் கத்தி என் தொண்டையும் போகணுமா?" என்று அவள் கண்டுபிடித்த வழி.

இந்தத் தடவையும் எல்லா ஜன்னலுக்கும் தட்டு தவறாமல் வந்தது. முடித்துவிட்டு அவர் வாசலுக்கு வந்தபோது, மனைவியும் மகளும் மெழுகுவர்த்திப் பையோடு தெருவிலிருந்து ஓடிவந்தார்கள்.

"நீ எப்ப வெளிய போன?"

"நீங்க ஏணி எடுக்கும்போதே. கதவப் பூட்டிட்டு, சொல்லிட்டுத்தானே போனேன்! காதுல விழலையா?"

அந்த வீட்டில் இருப்பதே இவர்கள் மூன்று பேர்தான். காற்று கூரைத் தகரத்தைப் பிய்க்கத் தொடங்கியிருந்தது.

"அப்பா, நனையறோம். சீக்கிரம் திறங்க," என்று மகள் சாவியை நீட்டினாள்.

வீட்டில் பலகை அடிக்காமல் மிச்சமிருந்தது அந்தக் கதவு மட்டும்தான். அவர் அதன்மேல் கை வைத்தார்.

உள்ளங்கையில் இரண்டு தட்டு அதிர்ந்தது, ஆணி அடிக்கலாம் என்று.