சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குலை

இந்தக் காலத்தில் எவனும் முகமூடி போட்டுக்கொண்டு திருட வருவதில்லை. "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று பல்லைக் காட்டி விசாரித்துவிட்டுத்தான் கையை வைக்கிறான். பெரியவரின் தீர்மானமான கருத்து இது. லாரி ஓட்டிய காலத்தில் டீசலைப் பறிகொடுத்துக் கற்ற பாடம். இப்போது வாழையில் ஊர்ஜிதமாகியிருந்தது.

பெரியவர் மனிதர்களை மட்டுமல்ல, வாழைக்கன்றுகளையும் நம்ப மாட்டார். தாய்மரத்தின் காலடியில் ஒரு பக்கக் கன்று தலையை நீட்டினால் போதும், கத்தியோடு போய் நிற்பார். தரையோடு சீவி, குருத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் காப்பியே குடிப்பார்.

"எல்லாம் தாயோட சத்தை உறிஞ்ச வந்த கூட்டம்" என்பார்.

"ஒண்ணே ஒண்ணையாவது விட்டு வைங்களேன். இந்த மரம் குலை போட்டு ஓய்ஞ்சா அடுத்தது எதுங்க?" என்று மனைவி கேட்டுப் பார்த்தாள்.

"எதை நம்பி விடச் சொல்றே?"

விடவில்லை. குலையை அறுத்தார், தாய்மரத்தைச் சாய்த்தார். வாரிசு என்று சொல்ல ஓர் இலைகூட இல்லை. கொல்லையில் மிஞ்சியது ஓர் அடிக்கட்டையும், வேலையில்லாத ஒரு கத்தியும்தான்.

மறைத்துக்கொண்டிருந்த மரம் போன பிறகுதான் அது கண்ணில் பட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், தையல்காரர் வீட்டில், சுவரை ஒட்டியே ஒரு வாழை. அதே சிவந்த தண்டு, அதே ஜாதி. பூ வேறு தள்ளியிருந்தது.

"என் கன்னு! வேரோட தோண்டிட்டுப் போய் நட்டிருக்கான் பாரு. அந்தக் குலை என் வீட்டுக்கு வராம நான் விடப் போறதில்லை."

காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தார். அவருடைய தொல்லை தாங்காமல் ஒரு காவலர் கிளம்பி வந்தார்.

"நான் நடவே இல்லைங்க சார். அதுவா வந்துச்சு" என்றார் தையல்காரர்.

"அதுவா வர்றதுக்கு அது என்ன உன் மாமியாரா?"

ஜன்னலில் மாமியாரின் தலை தெரிந்தது. தையல்காரர் குரலைத் தாழ்த்தினார். "எதுக்குண்ணே வம்பு? குலை முத்தினதும் நீங்களே வெட்டி எடுத்துக்கங்க."

"பாத்தீங்களா சார்? மடியில கனம் இல்லாதவன் சும்மா தூக்கிக் குடுப்பானா?"

காவலர் மண்வெட்டியை வாங்கி, தையல்காரர் பக்கத்தில் வாழையின் அடியைத் தோண்டினார். தொடை பருமனில் ஒரு கிழங்கு, சுவருக்கு அடியில் நுழைந்து பெரியவர் பக்கமாகப் போயிருந்தது.

"பெரியவரே, இது உங்க மரத்தோட கிழங்குதான். நீங்க மேலே வெட்ட வெட்ட, அது கீழே வழி தேடியிருக்கு. உங்க கத்திக்குப் பயந்து வாழையே சுவர் தாண்டி ஓடிப்போயிருக்குங்க."

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

"யார் காதுல பூ சுத்துறே தம்பி? மரம் நடக்குமா? இந்தச் சுவர் நான் கட்டினது. பக்கத்து மனை புதராக் கிடந்தப்பவே, நானே கயிறு பிடிச்சுக் கட்டினது. அதுக்கு அடியில எலிகூட நுழையாது. இப்பவே காட்டுறேன், எல்லாரும் வாங்க!"

கடப்பாரையை எடுத்து வந்து, தன் பக்கத்து அடிக்கட்டையைச் சுற்றித் தோண்ட ஆரம்பித்தார். கோபத்தில் குழி வீட்டுப் பக்கமாக அகன்றுகொண்டே போனது. திடீரென்று 'டங்' என்றது.

காவலர் குனிந்து மண்ணைத் துடைத்தார். சதுரமாகச் செதுக்கிய கல். தலையில் ஒரு குறி.

"இது எல்லைக்கல்லாச்சே!"

கல்லைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே பெரியவரின் அடிக்கட்டை இருந்தது.

தையல்காரர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றி, கல்லிலிருந்து சுவர் வரை இழுத்துப் பார்த்தார். ஓர் ஆள் தாராளமாகக் கையைக் காலை நீட்டிப் படுக்கலாம்.

"அப்போ இந்தக் கல்லு வரைக்கும் எங்க இடமா? இவ்வளவு காலமா நீங்க சாப்பிட்டது எங்க வீட்டுப் பழமாண்ணே?"

மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் பெரியவரைச் சுட்டது.

காவலர் பேனாவைத் திறந்தார். "புகார் அப்படியே இருக்கட்டும் பெரியவரே. திருடினவன் பேரை மட்டும் மாத்திடவா?"

பெரியவர் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். படியேறும்போதுதான் வாய் திறந்தது.

"வாழையே நடந்து போகுதாம். அந்தக் கல்லு மட்டும் நடந்து வந்திருக்காதா?"