வகுப்புத்தடை

பல்கலைக்கழக விடுதியில் குடிதண்ணீர் கேட்டு நடந்த போராட்டத்தில் பேசியதற்காக டிலக்சிகாவுக்கு வவுனியா கம்பஸில் இரண்டு வாரம் வகுப்புத்தடை. துணுக்காயில் வீட்டாரிடம், "படிக்க லீவு விட்டிருக்கினம்" என்று சொல்லியிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை அப்பா ஒரு கடிதத்தை நீட்டினார்.

"கம்பஸால வந்தது. வாசிச்சனான். உடுப்பை மாத்திக்கொண்டு வெளிக்கிடு, மாங்குளத்துக்குப் போவம்."

மாங்குளத்தில்தான் வவுனியா பஸ் எடுக்கவேண்டும். மன்னிப்புக் கேட்க வைக்கப்போகிறார் என்று நினைத்தாள்.

மோட்டார் சைக்கிளில் அப்பாவின் பின்னால் ஏறிக்கொண்டாள். 'அரசியல் எங்களுக்கு வேண்டாம் பிள்ளை' என்று அழுதுதான் அம்மா கம்பஸுக்கு அனுப்பினார். ஆனால் முதலாம் வருடப் பிள்ளைகள் வாளியோடு வரிசையில் நின்றதைப் பார்த்தபிறகு எப்படிச் சும்மா இருப்பது? பேசியது சரியென்றே பட்டது. அப்பாவின் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

"அப்பா, நான் மன்னிப்புக் கேக்கமாட்டன்."

"ஆரிட்டக் கேக்கச் சொன்னனான்?"

மோட்டார் சைக்கிள் பஸ் நிலையத்தைத் தாண்டி ஒரு மண்டபத்தின் முன் நின்றது. உள்ளே நாற்பது விவசாயிகள். எதிரே கதிரைகளில் இரண்டு அதிகாரிகள்.

"யானை வயலுக்க வராம வேலி கேக்க வந்திருக்கிறம். இந்த அதிகாரிமாருக்கு முன்னால எங்களுக்கு வாய் வருகுதில்லை," என்றார் அப்பா. "நீ கம்பஸில கதைச்ச வீடியோவை எல்லாருக்கும் காட்டினனான். உன்னைத்தான் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவை."

டிலக்சிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு விவசாயிகளின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, உங்கட வயல் எத்தினை ஏக்கர் அழிஞ்சது?"

நாற்பது பேரும் ஒரேயடியாகச் சொல்லத் தொடங்கினார்கள்.