மாப்பிள்ளையின் கதவுக் கார்ட்

"மாமிதான் என்ர நம்பரக் கதவுல இருந்து அழிச்சிரிக்கா. பாத்துச் சொல்லு மச்சான். இண்டைக்கே ஒரு முடிவு எடுக்கன்!"

கல்முனையில் போன் திருத்தும் றஸ்மியின் மேசையில், வீட்டுக் கதவைத் திறக்கும் கார்டை எறிந்தான் ஜவாத். ஹிமாயாவைக் கல்யாணம் முடித்து அவள் வீட்டுக்கு வந்து நாலு மாசம்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போறது எங்கட ஊர் வழக்கம். மாப்பிள்ளைக் கோபமும் கூடவே போகும்.

"கார்டை வெச்சாக் கதவு திறக்குதில்ல. ராவுல மில்லுல வேலை முடிஞ்சு வந்து தட்ட வேண்டிக் கிடக்கு. மாமி எழும்பி வந்து 'இப்பதானா வாறீங்க மகன்?' எண்டு கேக்கா. நான் வாற நேரத்தப் பாக்கத்தான் இந்த வேல. இது ரெண்டாவது கார்ட், மொதல் கார்டும் இப்பிடித்தான்!"

றஸ்மி கார்டை ரீடரில் வைத்தான். கார்டிடம் பேச்சு மூச்சில்லை. மேல் பிளாஸ்டிக்கை உரித்து, உள்ளேயிருந்த பொட்டுச் சிப்பின் ரெண்டு பக்கமும் வயரை ஒட்டி, நேரே ரீடரில் பொருத்தினான். திரையில் நம்பர் டக்கென்று வந்தது.

"சிப் உசிரோடதான் இரிக்கு. வயர் குடுத்தாக் கதைக்குது, இல்லாட்டி இல்ல. சிப்பைச் சுத்தியுள்ள, கதவோட கதைக்கிற செம்புக் கம்பிதான் அறுந்திரிக்கு."

"அப்ப மாமில பிழை இல்லையா?"

றஸ்மி லென்ஸை வைத்துப் பார்த்தான்.

"பொறு. இது தானா அறுகல்ல. ஊசியால குத்தின ஓட்டை இரிக்கு."

அவ்வளவுதான். ஜவாதின் மோட்டார் சைக்கிள் பறந்தது.

பாத்தும்மா மாமி குசினியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தா.

"மாமி, நான் இங்க இரிக்கிறது விருப்பமில்லாட்டி முகத்துக்கு நேர சொல்லுங்க. நிந்தவூருக்கு, என்ர உம்மாட வீட்டுக்குப் போறன். கார்டுல ஊசியால குத்தினது யாரு?"

கதவடியில் நின்ற ஹிமாயா அழத் தொடங்கிவிட்டாள்.

மாமி முக்காட்டை இழுத்துவிட்டா.

"நான்தான் மகன்."

"ஏன்?"

"மொதல் கார்டுல நூல் கோக்கத்தான் ஓட்டை போட்டன். அது பழுதாப் போயித்து. நீங்க வந்து கதவத் தட்டினீங்க. நான் எழும்பி, சோறு கறியச் சுடவெச்சுத் தந்தன். புதுக் கார்ட் வந்த புறகு, என்ர நித்திரை குழம்பப்படாதெண்டு பூனை மாதிரி வந்து, ஆறின சோத்தத் திண்டுட்டுப் படுத்தீங்க. உழைச்சுக் களைச்சு வாற புள்ள ஆறின சோறு திங்கிறதா? எனக்கு மனசு கேக்கல்ல. இன்னொரு கார்ட் கொண்டுவந்தா அதையும் குத்துவன்!"